ஒரு தடவை, ஒரே ஒரு தடவை: செல் டிஎன்ஏவை நகலெடுக்கும் விதமும் மார்பகப் புற்றுநோயும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

பெரியம்மாவுக்கு இடது மார்பில் கட்டி என்று தெரிந்த நாளில் இருந்து சொந்தபந்தம் முழுக்க என்னைத்தான் கேள்வி கேட்டது. நான் டாக்டர் இல்லை. ஈரோட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் விலங்கியல் எடுக்கிறேன், அவ்வளவுதான். ஆனாலும் "அம்மிணி படிச்ச புள்ள, அதுக்குத் தெரியும்" என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை.

கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் காத்திருந்த நேரங்களில் கேட்டது, பல்லடத்துக்குப் பக்கம் பெரியப்பாவின் தறிக்குடோனில் கேட்டது, ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில் பந்தியில் உட்கார்ந்தபடி கேட்டது, என் மாணவிகள் வகுப்பு முடிந்து தயங்கித் தயங்கிக் கேட்டது என்று எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறித்து வைத்தேன். பதில் எழுதும்போதுதான் கவனித்தேன், பாதிக் கேள்விக்கு மேல் சுற்றிச் சுற்றி ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன: செல் தன் டிஎன்ஏவை எப்போது நகலெடுக்கிறது, எத்தனை தடவை எடுக்கிறது, யார் கேட்டு எடுக்கிறது. மருந்து, ரிப்போர்ட், பரம்பரை எல்லாம் அதற்குள்தான் இருக்கிறது. சிகிச்சை முடிவுகளை உங்கள் டாக்டரிடம்தான் கேட்க வேண்டும். இது புரிந்துகொள்வதற்கு மட்டும்.

கேன்சர் என்றால் செல் வேகமாக வளர்வதுதானே?

மாமா கேட்டது. பாதிதான் சரி. வேகம் மட்டும் குற்றம் என்றால் நம் எலும்பு மஜ்ஜையைத்தான் முதலில் பிடிக்க வேண்டும். அது நாளொன்றுக்கு 10,000 கோடிக்கு மேல் ரத்த செல்களைச் செய்து தள்ளுகிறது. குடலின் உள்தோல் சில நாளுக்கு ஒரு முறை புதிதாகிறது. மார்பகக் கட்டிகளில் பல, இவற்றோடு ஒப்பிட்டால் மந்தம்தான்.

வித்தியாசம் எங்கே என்றால், மஜ்ஜை செல்லுக்கு நில் என்றால் நிற்கத் தெரியும். அளவு போதும், பக்கத்தில் இடமில்லை, டிஎன்ஏ அறுந்திருக்கிறது என்று எந்தச் சேதி வந்தாலும் அடுத்த வேலையைத் தொடங்காது. கட்டியின் செல்லில் இந்தச் சேதிகளைக் கேட்கும் காது ஒவ்வொன்றாகப் பழுதாகியிருக்கும்.

நகலெடுப்பது என்றால் உள்ளே என்னதான் நடக்கிறது?

ஒரு செல் இரண்டாவதற்கு முன்னால் தன் டிஎன்ஏ முழுவதையும் இன்னொரு பிரதி எடுத்தாக வேண்டும். அம்மா வழி, அப்பா வழி இரண்டு தொகுதியும் சேர்த்து ஏறத்தாழ 640 கோடி எழுத்துகள். நீட்டிப் பிடித்தால் 2 மீட்டர் நீளம். அது கண்ணுக்குத் தெரியாத ஒரு உருண்டைக்குள் சுருண்டு கிடக்கிறது. இரண்டு புரியையும் பிரித்து, ஒவ்வொரு பழைய புரிக்கும் ஜோடியாக ஒரு புதுப் புரி செய்வதுதான் வேலை. ஆக, பிறக்கும் இரண்டு பிரதியிலும் பாதி பழசு, பாதி புதுசு. இதை 1958ல் மெசல்சன், ஸ்டால் என்ற இருவர் பாக்டீரியாவில் காட்டினார்கள்.

பிரிப்பது லேசான வேலை இல்லை. பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய் நார்க் கயிறு திரிக்கும் இடத்தில் ஒரு துண்டுக் கயிறு வாங்கி, நடுவில் இரண்டு புரியையும் கையால் பிரித்துப் பாருங்கள். பிரிக்கப் பிரிக்க, கைக்கு முன்னால் முறுக்கு ஏறிக் கயிறு சுருண்டு கட்டிக்கொள்ளும். டிஎன்ஏவுக்கும் அதே கதிதான். அதற்காகவே டோபோஐசோமரேஸ் என்ற நொதி முன்னால் போய்க் கயிற்றை வெட்டி, முறுக்கை விட்டு, மறுபடி ஒட்டிவைக்கிறது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கீமோ பற்றிச் சொல்லும்போது வரும்.

அடுத்தது நேரக் கணக்கு. மனித செல்லில் ஒரு நகலெடுப்பு முனை, அதாவது புரி பிரிந்து நகல் நடக்கும் இடம், நிமிடத்துக்குச் சுமார் 2,000 எழுத்து ஓடும். நம் முதல் குரோமோசோமில் மட்டும் ஏறத்தாழ 25 கோடி எழுத்து. நடுவில் ஒரே இடத்தில் தொடங்கி இரண்டு பக்கமும் ஓடினாலும் முடிக்க 43 நாள் ஆகும். கிட்டத்தட்ட ஒரு மண்டலம் விரதம் இருக்கிற காலம். ஆனால் செல்லுக்கு இந்த வேலைக்குக் கிடைப்பது 8 மணி நேரம்தான். அதனால் ஒரே சமயத்தில் தொடங்க முடியாவிட்டாலும், அந்த 8 மணி நேரத்துக்குள் முப்பதாயிரம் முதல் ஐம்பதாயிரம் இடங்களில் வேலையை ஆரம்பிக்கிறது.

இங்கேதான் சிக்கல் பிறக்கிறது.

அத்தனை இடத்தில் தொடங்கினால், எந்த இடம் முடிந்தது, எது முடியவில்லை என்று செல்லுக்கு எப்படித் தெரியும்?

இந்தக் கேள்வியைக் கேட்டது என் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி. எனக்கு மிகப் பிடித்த கேள்வி, அதனால் பதில் நீளும்.

எந்த இடமும் விட்டுப்போகக் கூடாது. எந்த இடமும் இரண்டு தடவை எடுக்கப்படவும் கூடாது. ஐம்பதாயிரம் இடத்தையும் கணக்கெழுதிச் சரிபார்க்க செல்லுக்குள் கணக்குப்பிள்ளை யாரும் இல்லை. அப்படியும் தவறுவதில்லை.

நம் ரேஷன் கடையில் பொங்கல் பரிசு கொடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். சில நாள் முன்பே வீடு வீடாக டோக்கன் கொடுத்துவிடுவார்கள். பொருள் கொடுக்கும் நாளில் டோக்கனை வாங்கிக்கொண்டுதான் பை. புது டோக்கன் அன்றைக்குக் கிடையாது. இந்த இரண்டு வேலையும் ஒரே நாளில் ஒரே கவுன்டரில் நடந்தால் என்ன ஆகும்? வாங்கியவர் மறுபடி வரிசையில் நிற்பார்.

செல்லும் இதையேதான் செய்கிறது. பிரிதல் முடிந்து அடுத்த சுற்றுக்கு முந்தைய ஓய்வான காலம் ஜி1. அப்போதுதான் டோக்கன் நேரம். ஓஆர்சி என்ற புரதக் கூட்டம் டிஎன்ஏவில் தொடங்கும் இடங்களில் உட்கார்ந்துகொள்ளும். சிடிசி6, சிடிடி1 என்ற இரண்டு உதவியாட்களோடு சேர்ந்து எம்சிஎம் என்ற வளையத்தை டிஎன்ஏமேல் மாட்டும். இந்த எம்சிஎம் வளையம்தான் டோக்கன். பிறகு வேலை தொடங்கும் எஸ் கட்டம் வந்ததும் சிடிகே என்ற நொதியும் அதன் துணையான இன்னொன்றும் வந்து தட்டிவிட, வளையம் விழித்து, புரியைப் பிரித்துக்கொண்டே அந்த இடத்தை விட்டு ஓடிவிடும். டோக்கன் போனது போனதுதான்.

சரி, எஸ் கட்டத்தில் யாராவது புது வளையம் மாட்டினால்? மாட்ட முடியாது. வேலையைத் தொடங்கி வைக்கும் அதே சிடிகேதான் டோக்கன் கவுன்டரையும் பூட்டுகிறது. கூடவே சிடிடி1 சிதைக்கப்படும். மிச்சம் இருப்பதை ஜெமினின் என்ற புரதம் கையைப் பிடித்துக்கொள்ளும். செல் இரண்டாகப் பிரிந்து முடியும் நேரத்தில்தான் ஜெமினினும், சிடிகே வேலை செய்யத் தேவையான சைக்ளின் என்ற புரதங்களும் அழிக்கப்பட்டு, கவுன்டர் மறுபடி திறக்கும். பொருள் கொடுக்கிற கையே டோக்கன் புத்தகத்தையும் பூட்டுகிறது என்பதில் எவ்வளவு பெரிய சூட்சுமம் இருக்கிறது பாருங்கள். பதினைந்து வருடமாகப் பாடம் எடுக்கிறேன், இந்த இடம் வரும்போது மட்டும் எனக்குச் சலிப்பதே இல்லை.

இதை முதலில் மோப்பம் பிடித்தவர்களில் ஒருவர் இந்தியாவில் இருந்து அமெரிக்கா போன பொட்டு நரசிம்ம ராவ். 1970ல் அவரும் ராபர்ட் ஜான்சனும் வெவ்வேறு கட்டத்தில் இருக்கும் செல்களை ஒன்றோடொன்று ஒட்ட வைத்தார்கள். நகலெடுத்துக்கொண்டிருக்கும் செல்லோடு இன்னும் தொடங்காத ஜி1 செல்லை ஒட்டினால், அதுவும் உடனே தொடங்கிவிட்டது. ஆனால் ஏற்கெனவே எடுத்து முடித்த ஜி2 செல்லை ஒட்டினால் அது அசையவே இல்லை. அருகில் அத்தனை பொருளும் ஆளும் இருந்தும் டோக்கன் இல்லாததால் அதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை. 1988ல் ஜூலியன் பிளோவும் ரான் லாஸ்கியும் தவளை முட்டைச் சாற்றை வைத்து, ஒரு தடவை நகலெடுக்க ஒரு அனுமதிதான், அது செலவானால் செலவானதுதான் என்ற கருத்தை முன்வைத்தார்கள்.

டோக்கன் முறை கெட்டுப்போனால் மார்பில் கட்டி வருமா?

எலியில் வந்திருக்கிறது. எம்சிஎம் வளையத்தில் ஆறு துண்டுகள் உண்டு. அதில் நான்காவது துண்டின் மரபணுவில் ஒரு சின்ன மாற்றம் இருந்த எலிகளை அமெரிக்காவில் வளர்த்துப் பார்த்து 2007ல் வெளியிட்டார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தன. ஆனால் பெண் எலிகளில் 80 சதவீதத்துக்கு மேல் பால் சுரப்பியில் புற்றுநோய் வந்து இறந்தன. ஒரு டோக்கன் கொஞ்சம் தளர்ந்ததற்கு அந்த விலை.

ஏன் என்றால், செல் எப்போதும் தேவைக்கு அதிகமாகவே டோக்கன் கொடுத்து வைக்கும். ஓடும் முனை ஒன்று வழியில் சிக்கினால், பக்கத்தில் தூங்கிக்கொண்டிருக்கும் உபரி வளையம் விழித்து மிச்ச வேலையை முடிக்கும். வளையம் குறைவாக இருந்தால் அந்தக் கைமாற்று இல்லை. சில பகுதி நகலெடுக்கப்படாமலே செல் பிரியப் பார்க்கும், குரோமோசோம் கிழியும்.

மனிதக் கட்டிகளில் பல விதமாக நடக்கிறது. சிடிடி1 அளவுக்கு மேல் இருந்தால் ஒரே இடம் இரண்டு மூன்று தடவை நகலாகிவிடும். சைக்ளின் ஈ என்ற புரதம் சில மார்பகக் கட்டிகளில் அளவுக்கு மீறி இருக்கும். அது டோக்கன் வேலை முடிவதற்குள்ளேயே "ஆகட்டும், ஆகட்டும்" என்று செல்லை எஸ் கட்டத்துக்குள் தள்ளிவிடும். வளையம் போதாது, எழுத்துச் சரக்கும் தீர்ந்துபோகும், முனைகள் ஆங்காங்கே நின்றுவிடும். நகலெடுப்பு நெருக்கடி என்று இதைச் சொல்லலாம். கட்டி செல்கள் பலவும் நாள் முழுக்க இந்த நெருக்கடியில்தான் பிழைக்கின்றன. பல மருந்துகள் அடிப்பதும் அந்த இடத்தில்தான்.

எழுத்துப் பிழை வராதா?

வரும். திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். டெய்லர் தைக்கும்போதே தப்பு தெரிந்தால் பிரித்துத் தைப்பார். அதைத் தாண்டி வந்தால் செக்கிங் டேபிளில் பிடிபடும்.

நகலெடுக்கும் நொதி சும்மா எழுதினால் லட்சத்துக்கு ஒன்று தப்பும். ஆனால் எழுதிய எழுத்து ஜோடி பொருந்தவில்லை என்றால் அதுவே ஒரு அடி பின்வாங்கி அழித்து எழுதும். அப்போது தப்பு கோடிக்கு ஒன்றாகக் குறையும். பின்னால் வரும் செக்கிங் கூட்டம் அதிலும் பெரும்பாலானதைப் பிடித்துவிடும். கடைசியில் 100 கோடி எழுத்துக்கு ஒன்று, சில சமயம் அதைவிடவும் குறைவு. ஆக, ஒவ்வொரு முறை செல் பிரியும்போதும் ஏதோ சில எழுத்து மாறிவிடுவது சகஜம். நம் எல்லோர் உடம்பிலும் நடக்கிறது. பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை.

டிஎன்ஏ அறுந்தே போனால்?

பெரியப்பா எட்டுத் தறி வைத்திருக்கிறார். லீவுக்குப் போனால் அந்தச் சத்தத்தில்தான் தூங்குவோம். குறுக்கே ஓடும் ஊடை நூல் அறுந்துவிட்டால் தறி தானாகவே நின்றுவிடும். அந்தத் தறியின் சத்தம் மட்டும் விட்டுப்போனதும், தூக்கத்தில் இருக்கும் பெரியம்மா கண் விழித்துக்கொள்வார். போய், அந்த நூலைக் கொண்டு ஓடும் நாடாவைப் பார்த்து, நூலைச் சரிசெய்து, ஓட்டிவிட்டு வந்து படுப்பார். நிற்காமல் ஓடினால் என்ன ஆகும் என்று ஒரு தடவை கேட்டேன். "துணியில ஓட்டை விழுந்துக்கிட்டே போகும் கண்ணு, மீட்டர் மட்டும் ஏறும்" என்றார்.

செல்லில் அந்த நிறுத்தும் கருவி ஏடிஆர், ஏடிஎம், பி53 முதலான புரதங்கள். முனை சிக்கி நின்றாலோ டிஎன்ஏ அறுந்தாலோ இவை சிடிகேயை அடக்கி, சுற்றை நிறுத்தி, பழுது பார்க்க நேரம் வாங்கித் தரும். பழுது மிஞ்சிப் போய்விட்டால் பி53 அந்த செல்லைச் சாகச் சொல்லிவிடும். மார்பகக் கட்டிகளில் பத்தில் மூன்றில் பி53 மரபணுவே கெட்டிருக்கிறது. ஈஆர், பிஆர், ஹெர்2 (ரிப்போர்ட்டில் பார்க்கும் மூன்று அடையாளங்கள், பின்னால் சொல்கிறேன்) மூன்றும் இல்லாத வகையில் பத்தில் எட்டு. தறி நிற்பதில்லை, மீட்டர் மட்டும் ஏறுகிறது.

உடம்பில் எத்தனையோ இடம் இருக்க, மார்பில் ஏன் இவ்வளவு?

இந்தியாவில் பெண்களுக்கு வரும் புற்றுநோயில் முதலிடம் இதற்குத்தான். 2022ல் மட்டும் சுமார் 1,92,000 பேருக்குப் புதிதாக வந்திருப்பதாக உலக அளவிலான புற்றுநோய்க் கணக்கு சொல்கிறது.

பால் நாளங்களின் உள்ளே இருக்கும் செல்கள் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனின் சேதிக்குக் கட்டுப்பட்டவை. மாதா மாதம் கொஞ்சம் பெருகும், பிறகு அடங்கும். ஈஸ்ட்ரோஜன் வந்தால் சைக்ளின் டி1 என்ற புரதம் கூடும். அது சிடிகே4, சிடிகே6 என்ற நொதிகளோடு சேர்ந்து ஆர்பி என்ற காவல்காரனின் பிடியைத் தளர்த்தும். ஆர்பி விலகினால் செல் எஸ் கட்டத்துக்குள் நுழைந்துவிடும். வாழ்நாளில் இந்தச் சுற்று எத்தனை தடவை நடக்கிறதோ அத்தனை தடவை தப்பு நேர வாய்ப்பு. சீக்கிரம் வயதுக்கு வருவது, மாதவிடாய் தாமதமாக நிற்பது, முதல் பிரசவம் தள்ளிப்போவது, பால் கொடுக்காமல் இருப்பது, மாதவிடாய் நின்ற பிறகு உடம்பு போடுவது எல்லாம் ஆபத்தைக் கூட்டுவதற்கு இது ஒரு முக்கியமான காரணம். மதுவும் கூட்டும். எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் வயது.

நொய்யல் சாயத்தண்ணிதான் காரணம் என்கிறார்களே?

திருப்பூர்ப் பக்கம் போனால் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. கோபம் நியாயமானது. 2011ல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்கு ஆறு கெட்டிருந்தது. பென்சிடின் வகைச் சாயங்களைக் கையாண்டவர்களுக்கு சிறுநீர்ப்பைப் புற்றுநோய் வருவது உறுதியாகத் தெரிந்த விஷயம். மார்பகத்துக்கு அப்படி உறுதியான பட்டியல் நான் மேலே சொன்னதுதான். சாயத்தண்ணியைத் திட்டிக்கொண்டே கட்டியைக் காட்டாமல் இருந்த ஒரு அக்காவை எனக்குத் தெரியும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

போன மாதம் இல்லை, இந்த மாதம் எலுமிச்சங்காய் அளவு கட்டி என்கிறார்களே?

போன மாதமும் இருந்தது. ஒரு செல் இரண்டாகி, இரண்டு நான்காகி, ஒரு சென்டிமீட்டர் கட்டியாக ஏறத்தாழ 27 முதல் 30 சுற்று ஆக வேண்டும். அதற்குள் 10 கோடி முதல் 100 கோடி செல் சேர்ந்துவிடும். ஒவ்வொரு சுற்றுக்கும் வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ ஆகும், நடுவில் செத்துப்போகும் செல்லும் உண்டு. கைக்குத் தட்டுப்படும் கட்டி பெரும்பாலும் வருடக்கணக்கில் வளர்ந்தது. அதற்குமேல் மூன்று சுற்று போனால் எட்டு மடங்கு என்பதுதான் கணக்கில் பயமுறுத்தும் இடம். "தை கழியட்டும், கல்யாணம் முடியட்டும்" என்று தள்ளிப்போடாதீர்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு மார்பகம் பார்க்கிறார்கள்.

ஊசி குத்திப் பார்த்தால் பரவிவிடுமா? தொற்றுமா? ஆண்களுக்கு வருமா?

பரவாது. தொற்றாது. வரும், மார்பகப் புற்றுநோய் வரும் நூறு பேரில் ஏறத்தாழ ஒருவர் ஆண். கட்டி என்று தெரிந்தால் வெட்கப்படாமல் காட்ட வேண்டும்.

அம்மா வழியில் யாருக்கும் இல்லை, அப்பாவின் அக்காவுக்கு இருந்தது. அது கணக்கில் வருமா?

கட்டாயம் வரும். இந்தக் கேள்வியில் நம் ஊர்க்காரர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். "பொம்பளை வியாதி, அம்மா வழியில்தான் வரும்" என்று ஒரு கணக்கு. அத்தை கட்டிக்கொண்டு போன இடம் வேறு கூட்டம், அது நமக்கு ஒட்டாது என்று இன்னொரு கணக்கு. மரபணுவுக்குக் கூட்டமும் தெரியாது, குலதெய்வமும் தெரியாது. பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 மரபணுவில் பழுது இருந்தால் அப்பாவிடம் இருந்தும் வரும், அம்மாவிடம் இருந்தும் வரும். ஒவ்வொரு பிள்ளைக்கும், பையனோ பெண்ணோ, பாதிக்குப் பாதி வாய்ப்பு. அப்பாவுக்கு நோய் வராமலே அவர் வழியாக மகளுக்குப் போகலாம்.

மார்பகப் புற்றுநோயில் 100க்கு 5 முதல் 10 தான் இப்படிப் பரம்பரையாக வருவது. ஆனால் பழுது உள்ள பெண்ணுக்கு 80 வயதுக்குள் நோய் வரும் வாய்ப்பு 100க்கு 70ஐ ஒட்டி இருக்கும். அமெரிக்க மரபியலாளர் மேரி கிளேர் கிங் 1990ல் பிஆர்சிஏ1 மரபணு 17ஆம் குரோமோசோமில் இருக்கிறது என்று காட்டினார். அதுவரை குடும்பத்தில் தொடர்ந்து வருவதற்கு ஒரு மரபணு காரணமாக இருக்கும் என்று பலர் நம்பவில்லை.

பிஆர்சிஏ புரதங்களின் வேலையும் நம் நகலெடுப்பு முனையில்தான். டிஎன்ஏ இரண்டு புரியும் அறுந்துபோனால், பக்கத்தில் இருக்கும் நல்ல பிரதியைப் பார்த்து எழுத்து பிசகாமல் முடிச்சுப்போட உதவும். சிக்கி நிற்கும் முனையில் புதிதாக நெய்த நூலை வேறு நொதிகள் அரித்துவிடாமல் காவலும் காக்கும். பிறக்கும்போது ஒரு நல்ல பிரதியும் ஒரு பழுதான பிரதியும் இருக்கும். அந்த நல்லதும் ஏதோ ஒரு செல்லில் தொலைந்தால் அங்கே முடிச்சுப்போட ஆள் இல்லை.

ரிப்போர்ட்டில் கேஐ-67 என்று 35 சதவீதம் போட்டிருக்கிறது. அப்படி என்றால்?

பெரியம்மாவின் ரிப்போர்ட்டை வாங்கப் போன லேபில், கவுன்டரில் இருந்த பையன் கவரை நீட்டிக்கொண்டே "முப்பத்தஞ்சுங்க, அதிகமுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டான். வீடு வரும் வரை பெரியம்மா வாயே திறக்கவில்லை. உடம்பில் 35 சதவீதம் நோய் பரவிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

அது அப்படி இல்லை. கேஐ-67 என்பது நகலெடுப்புச் சுற்றுக்குள் இருக்கும் செல்லில் மட்டும் தெரியும் ஒரு புரதம். ஓய்வில் இருக்கும் செல்லில் இருக்காது. கட்டியில் எடுத்த துண்டில் 100 செல்லை எண்ணினால் 35 செல் சுற்றில் இருக்கிறது என்று அர்த்தம். 5 அல்லது அதற்குக் கீழ் என்றால் மந்தம், 30 அல்லது அதற்கு மேல் என்றால் சுறுசுறுப்பு என்று எடுத்துக்கொள்கிறார்கள். நடுவில் உள்ள எண்கள் லேபுக்கு லேப் கொஞ்சம் மாறும், அதனால் அதை மட்டும் வைத்து யாரும் முடிவெடுப்பதில்லை. பெயருக்கு ஒரு கதை உண்டு: ஜெர்மனியின் கீல் நகரத்தில், சோதனைத் தட்டின் 67ஆம் குழியில் கிடைத்ததால் அந்தப் பெயர்.

கூடவே ஈஆர், பிஆர் என்று இருப்பது ஹார்மோன் சேதியைக் கேட்கும் காதுகள். பத்தில் ஏறத்தாழ ஏழு கட்டிக்கு ஈஆர் இருக்கும், அந்தச் சேதியை அடைக்கும் மாத்திரை வேலை செய்யும். ஹெர்2 என்பது ஒரு மரபணு தேவைக்கு மேல் பல பிரதியாகிவிட்ட நிலை, 100ல் 15 முதல் 20 கட்டியில். இரண்டு பிரதி இருக்க வேண்டிய இடத்தில் பத்து இருபது. அதற்கென்றே 1998ல் இருந்து ட்ராஸ்டுசுமாப் ஊசி இருக்கிறது.

கீமோவில் முடி ஏன் கொட்டுகிறது? 21 நாள் இடைவெளி எதற்கு?

கீமோ மருந்துகள் பெரும்பாலும் சுற்றில் இருக்கும் செல்லைத்தான் பிடிக்கும். முடி வேர் செல்லும் மஜ்ஜையும் எப்போதும் சுற்றில் இருப்பவை, அதனால் அவையும் அடிபடும். முடி பெரும்பாலும் திரும்ப வந்துவிடும்.

சிவப்பு மருந்து என்று வார்டில் சொல்வார்களே, டாக்ஸோரூபிசின், அது கயிற்று முறுக்கை எடுக்கும் டோபோஐசோமரேஸை வெட்டிய நிலையிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். வெட்டியது ஒட்டாமல் டிஎன்ஏ அறுந்து கிடக்கும். அன்று சிறுநீர் சிவப்பாகப் போனால் பயப்பட வேண்டாம், மருந்தின் நிறம்தான். மருந்து ஏறி 10 முதல் 14 நாளில் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்குப் போகும், பிறகு மஜ்ஜை தேறும். அதற்காகத்தான் பல மருந்துக்கு 21 நாள். அந்தச் சமயத்தில் காய்ச்சல் 100.4 டிகிரி காட்டினால், நடுராத்திரியாக இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கசாயம் குடித்துக் காத்திருக்கக் கூடாது.

இப்போது மாத்திரையிலேயே நிறுத்தலாம் என்கிறார்களே, உண்மையா?

எல்லோருக்கும் இல்லை. ஈஆர் உள்ள, ஹெர்2 இல்லாத நோய் பரவியிருந்தால், ஹார்மோன் மாத்திரையோடு பால்போசைக்லிப், ரிபோசைக்லிப், அபெமாசைக்லிப் ஆகிய மூன்றில் ஒன்றைக் கொடுக்கிறார்கள். இவை சிடிகே4, சிடிகே6 நொதிகளை அடைத்து, ஆர்பி காவல்காரனை இடத்தை விட்டு நகராமல் நிறுத்தி வைக்கும். செல் ஜி1லேயே நின்றுவிடும், எஸ் கட்டத்துக்குள் போகாது. சிடிகே, சைக்ளின் எல்லாம் ஈஸ்ட்டிலும் கடல்முள்ளெலி முட்டையிலும் தேடிக் கண்டுபிடித்தவை. ஹார்ட்வெல், ஹன்ட், நர்ஸ் மூவருக்கும் 2001ல் நோபல் பரிசு கிடைத்தது அதற்காகத்தான். 2015ல் அதில் இருந்து முதல் மாத்திரை வந்தது. ஈஸ்ட்டைப் படித்து யாருக்கு என்ன லாபம் என்று கேட்கும் என் மாணவிகளுக்கு நான் காட்டுவது இந்த அட்டையைத்தான். பால்போசைக்லிப் பேடன்ட் இந்தியாவில் 2023 ஜனவரியில் முடிந்தது. நம் கம்பெனிகள் போட ஆரம்பித்ததும் விலை வெகுவாக இறங்கியது.

பிஆர்சிஏ பழுது உள்ளவர்களுக்கு ஒலாபரிப் என்று வேறு மாத்திரை. டிஎன்ஏவில் சின்னச் சின்ன அறுபாட்டைச் சரிசெய்யும் பார்ப் என்ற நொதியை அது அந்த இடத்திலேயே பூட்டிவிடும். நகலெடுப்பு முனை ஓடிவந்து அதில் மோதிப் பெரிய அறுபாடு ஆகும். நல்ல செல் பிஆர்சிஏவை வைத்து முடிச்சுப் போட்டுக்கொள்ளும். கட்டி செல்லுக்கு அது இல்லை, செத்துப்போகும். நோய்க்குக் காரணமான பழுதையே நோய்க்கு எதிராகத் திருப்பிய மருந்து.

பெரியம்மா இப்போது எப்படி இருக்கிறார்?

ஆபரேஷனும் கீமோவும் முடிந்து மூன்று வருடம் கழித்து முதுகெலும்பில் ஒரு புள்ளி தெரிந்தது. இப்போது லெட்ரோசோல் என்ற ஹார்மோன் மாத்திரை தினமும், பால்போசைக்லிப் 21 நாள் சாப்பிட்டு 7 நாள் லீவு. தினசரி காலண்டரில் மாத்திரை நாளுக்கு மஞ்சள் பொட்டு வைக்கிறார், லீவு நாளுக்கு ஒன்றுமில்லை. ஒவ்வொரு புது அட்டை தொடங்கும் முன்பும் ரத்தம் கொடுத்துப் பார்க்கிறோம், ஏனென்றால் இந்த மாத்திரை மஜ்ஜை செல்லையும் கொஞ்சம் நிறுத்தி வைக்கும்.

போன முறை வெள்ளை அணு இறங்கியிருந்தது. டாக்டர் ஒரு வாரம் தள்ளிப்போட்டார். அந்த வாரத்தில் ஒரு நாள் மத்தியானம் தறிக்குடோனில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, நின்று கிடந்த தறிக்கு நூல் போட்டு ஓட்டிவிட்டு வந்திருக்கிறார். பெரியப்பா திட்டியதற்கு, "சத்தம் நின்னுபோச்சு, எப்படிங்க படுத்திருக்கறது" என்றாராம்.